எல் அனட்சுயி: பாட்டில் மூடிக்கு முன்னால் இருந்த முப்பது வருடம்

#1 கோடும்நிறமும்

எல் அனட்சுயியைப் பற்றி என் கண்ணில் படும் குறிப்புகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. நைஜீரியாவில் ஒரு சிற்பி, ஊருக்கு வெளியே புதரோரம் ஒரு மூட்டை மதுபாட்டில் மூடிகளைக் கண்டார், செம்புக் கம்பியால் தைத்தார், உலகம் அவரைத் தலையில் வைத்துக்கொண்டாடியது. மூட்டை கிடைத்தது 1998 வாக்கில். அப்போது அவருக்கு 54 வயது. அதற்கு முன்னால் அவர் செய்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த இழையில் அதைப் பேசலாம் என்று ஆசை.

1944இல் கானாவின் அன்யாகோ என்ற ஊரில் பிறந்தவர். கேட்டா காயல் கரையில் இருக்கிற ஊர். அப்பா கென்ட்டே துணி நெய்பவர். ஆனால் இவரை வளர்த்தது பாதிரியாராக இருந்த மாமா. அதனால் தறிப் பக்கம் போகவில்லை, நெசவு பழகவில்லை. குமாசியில் கலைக்கல்லூரி. பாடத்திட்டம் முழுக்க ஐரோப்பியக் கலை. அதே ஊரில், கல்லூரிக்கு வெளியே, தேசியப் பண்பாட்டு மையத்தில் நெசவாளர்களும் துணியில் அச்சுப் பதிப்பவர்களும் மேளக்காரர்களும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இவர் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். சுரைக்குடுக்கை ஓட்டில் செதுக்கிய அச்சை மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து, துக்கத் துணியில் அடிங்க்ரா என்ற பொருள் பொதிந்த குறிகளைப் பதிப்பதை அங்கேதான் பார்த்தார்.

1969இல் வின்னபாவில் ஆசிரியர் வேலை. அங்கே அவர் கையில் எடுத்த முதல் பொருள் சந்தைத் தட்டு. மீனும் பழமும் பரப்பி விற்பதற்குப் பெண்கள் வைத்திருக்கும் வட்டமான மரத்தட்டு. உள்ளூர்த் தச்சர்களிடம் அதே தட்டைச் செய்து வாங்கி, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் விளிம்பிலும் நடுவிலும் குறிகளைச் சுட்டார். சுவரில் மாட்டினார். அவ்வளவுதான் முதல் சோதனை. ஆனால் பின்னால் வரப்போகிற எல்லாமே அதில் இருக்கிறது: ஊர்க்காரர்கள் தினமும் தொடுகிற சாமான், தச்சருடைய கை, அதற்கு மேல் இவருடைய சூடு.

1975இல் நைஜீரியாவின் நுசுக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2011இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பாடம் நடத்தினார். நைஜீரிய உள்நாட்டுப் போரான பியாஃப்ரா போர் 1970இல் முடிந்து, அடிபட்டுக் கிடந்த வளாகம் மெல்ல எழுந்துகொண்டிருந்த காலம். உச்சே ஒகேகே என்ற ஓவியர் அங்கே இக்போ இனப் பெண்கள் உடம்பிலும் மண்சுவரிலும் வரையும் உலி கோடுகளை மாணவர்களுக்குப் பாடமாக்கியிருந்தார். அந்த ஊரில் இவர் முதலில் தொட்டது மண்ணை. உடைந்த பானைகள். 1979இல் ‘உடைந்த பானைகள்’ என்ற பெயரிலேயே கண்காட்சி. முழுப்பானை செய்து அதை உடைப்பதல்ல, உடைந்த சில்லுகளை ஒட்டிச் சேர்த்தது போல் வனைந்து சுட்டவை.

மூடிகள் வருவதற்கு இன்னும் இருபது வருடம் இருக்கிறது. மரம், சங்கிலி வாள் பற்றி அடுத்து எழுதுகிறேன். பார்த்தவர்கள், படித்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தேம்ஸ்கரை

நல்ல இழை அண்ணா. லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில், டர்பைன் ஹால் என்ற பெரிய கூடத்தில் வைத்திருந்ததை நான் நேரில் பார்த்தேன். 2023 அக்டோபரில் திறந்து 2024 ஏப்ரல் வரைக்கும் இருந்தது. ‘சிவப்பு நிலவின் பின்னால்’ என்று தலைப்பு. மூன்று பகுதி.

உள்ளே இறங்கினவுடன் ஒரு பாய்மரம். உண்மையில் கப்பல் பாய் காற்று வாங்கின மாதிரி வயிறு தள்ளி நிற்கிறது. சிவப்பு மூடிகளால் ஒரு நிலவு. நடுவில் மெல்லிய வளையங்களால் ஆன துண்டுகள் கூரையிலிருந்து தொங்குகின்றன. நடந்துகொண்டே பார்த்தால் தனித்தனி மனித உருவங்கள் மாதிரி. ஒரு குறிப்பிட்ட இடத்தில் வந்து நின்றால் எல்லாம் சேர்ந்து ஒரு வட்டம், பூமி. கடைசியில் கூரையிலிருந்து தரை வரைக்கும் விழுகிற கறுத்த சுவர். அடியில் அலை மாதிரிச் சுருண்டு கிடக்கிறது. பின்னுக்குப் போய்ப் பார்த்தால் வெள்ளியும் பல நிறமுமாகப் பளபளக்கிறது.

தூர நின்று பார்க்கும்போது துணி என்றே மனம் சொல்லும். கிட்டப் போனால்தான் ஒவ்வொரு மூடியிலும் அச்சடித்த சாராயப் பெயர் வாசிக்கக் கூடியதாக இருக்கும். எனக்கு அந்தக் கணத்தில்தான் வேலை விளங்கியது. அழகு என்று வாய் திறந்தவர்கள் கிட்டப் போனதும் கதைக்காமல் வாசித்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த இடத்தில் அதைத் தொங்கவிட்டதற்கும் காரணம் இருக்கிறது. டேட் என்ற பெயரே சர்க்கரை ஆலை முதலாளி ஹென்றி டேட்டுடையது. கரும்பு, ரம், அடிமைக் கப்பல் எல்லாம் ஒரே கயிற்றில் வருகிற சங்கதி.

#3 தறிக்குழி

நாங்கள் சேலம் பக்கம், தலைமுறையாகத் தறி. முதல் பதிவில் அப்பா கென்ட்டே நெய்பவர் என்று படித்ததும் ஒன்றைச் சொல்லத் தோன்றியது.

கென்ட்டே நம் சேலை மாதிரி ஒரே அகலமாக இறங்கும் துணி கிடையாது. நாலு விரற்கடைக்குச் சற்று மேல் அகலமுள்ள நாடாவாக நெய்து, அதை வெட்டி, பக்கத்தில் பக்கம் வைத்துத் தைப்பார்கள். நெய்கிற நேரத்தில் முழுத்துணி யார் கண்ணிலும் இருக்காது. நாடாக்களை அடுக்கும்போதுதான் கட்டங்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும். கொஞ்சம் தள்ளி வைத்தாலும் வேறு துணி.

இவருடைய மூடித் துணிகளின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதே கணக்குதான். சின்னச் சின்ன பாளமாகத் தைத்து, பிறகு அவற்றைச் சேர்த்து. நெசவு பழகாதவர் என்கிறீர்கள், ஆனால் தறிக்காரர் வீட்டில் பிறந்த பிள்ளைக்குக் கணக்கு எப்படியோ ஏறிவிடும். எங்கள் வீட்டில் தறி ஏறாத தம்பிகூடப் பாவு பிசகினால் சத்தத்திலேயே சொல்லிவிடுவான்.

#4 நேர்பேச்சு

எல்லாரும் மெச்சுகிறீர்கள், நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். கோபப்பட வேண்டாம்.

முதல் விஷயம், கூலி. ஆயிரக்கணக்கான மூடிகளைத் தட்டி, மடித்து, ஓட்டை போட்டு, கம்பி கோப்பவர்கள் நுசுக்காவின் பையன்கள். டஜன் கணக்கில். ‘ஒக்ரா தோட்டத்துப் பாதைகள்’ என்ற ஒரு துண்டு 2014இல் நியூயார்க் ஏலத்தில் 14 லட்சம் டாலருக்கு மேல் போனது. சுவரில் ஒரே பெயர்தான் இருக்கிறது.

இரண்டாவது விஷயம், எளிய பொருள் என்பதையே ஒரு பெருமையாக்குவது. இத்தாலியில் 1967இல் விமர்சகர் ஜெர்மானோ செலன்ட் ‘ஆர்த்தே போவெரா’ (ஏழைக் கலை) என்று பெயர் சூட்டிய கலைஞர் கூட்டம் கந்தல், கரி, கல் என்று எடுத்தது. 1969இல் அந்தக் கூட்டத்துக் கூனெல்லிஸ் ரோம் நகர கேலரிக்குள் 12 உயிருள்ள குதிரைகளைக் கட்டினார். அவர்களிடம் எண்ணெய்ச்சாயம் வாங்கக் காசு இருந்தது, வேண்டாம் என்றார்கள். வேறு வழியில்லாமல் குப்பையைக் கையாள்கிறவர்களின் வாழ்க்கையைப் பணக்காரச் சுவரில் மாட்டி ரசிப்பது எனக்கு ஒப்பவில்லை.

#5 கோடும்நிறமும்

//எளிய பொருள் என்பதையே ஒரு பெருமையாக்குவது//

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் மரக்காலம் அதற்குப் பதில் சொல்கிறது.

1980இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், கம்மிங்டன் என்ற இடத்துக்கு உறைவிடக் கலைஞராகப் போனார். அங்கேதான் சங்கிலி வாளை முதல் தடவை சிற்பக் கருவியாகப் பிடித்தார். திரும்பி வந்து நுசுக்காவில் அதையே தொடர்ந்தார். பலகைகளை வரிசையாக அடுக்கி, குறுக்கே வாளை ஓட்டிக் கிழித்து, சில இடங்களில் தீயால் கருக்கி. அந்தக் கிழிசல் அவருக்கு அலங்காரமாக இருக்கவில்லை. ஆப்பிரிக்காவை ஐரோப்பியர்கள் மேசை மேல் விரித்து வெட்டிய விதத்தை இந்த வாளின் வேகத்தோடு சேர்த்து அவரே பேசியிருக்கிறார். நயமான உளியில் அந்த வன்மம் வராது.

இன்னொன்று. அந்தப் பலகைகளை இறுக்கி ஒட்டவில்லை. வாங்குகிறவர் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். சிற்பம் என்றால் சிற்பி முடித்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற நம்பிக்கையை அவர் அங்கேயே கைவிட்டுவிட்டார். மூடித் துணியைப் பார்த்துவிட்டு ‘அசையும் சிற்பம், என்ன புதுமை’ என்கிறார்கள். பதினைந்து, இருபது வருடமாகப் பலகையில் பழகின புதுமை அது.

1986இல் நைஜீரியாவில் கட்டமைப்புச் சீரமைப்புத் திட்டம் வந்தது. அந்நாட்டு நாணயமான நைராவின் மதிப்பு சரிந்தது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய எதுவும் கைக்கு எட்டாத விலை. அந்தச் சூழலில் ஒரு கலை ஆசிரியர், சுற்றுப்புறம் எதைக் கொண்டுவந்து போடுகிறதோ அதை வைத்து வேலை செய்வதே கலைஞனுக்கு நல்லது என்று சொல்வதும் செய்வதும் வேறு. ரோமாபுரியில் குதிரை கட்டுவது வேறு. இரண்டையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

வறுமையைக் காட்டிக் கண்ணீர் வரவைக்கிற ஒரு துண்டுகூட அவரிடம் நான் பார்த்ததில்லை. மரவள்ளிக்கிழங்கு துருவும் ஓட்டைத் தகரங்களை, துருப்பிடித்து ஒதுக்கப்பட்டவற்றை, ஒன்றோடொன்று சேர்த்து 2000இல் ‘உதிரும் சுவர்’ செய்தார். அந்தக் கிழங்கைத் துருவிச் செய்கிற காரி மாவு ஒவ்வொரு வீட்டின் சாப்பாடு. எத்தனை கை அந்தத் தகரத்தில் உரசியிருக்கும்! அந்த உரசலுக்கு மரியாதை செய்கிற சுவர் அது. பால் டின் மூடிகளை வைத்தும் செய்திருக்கிறார். செய்தித்தாள் அச்சகங்கள் கழித்துப் போட்ட அலுமினியப் பிளேட்டுகளைக் கசக்கி ஆள் உயரத்துக்கும் மேலான குப்பைப் பைகள் செய்திருக்கிறார். பிளேட்டில் எழுத்தும் படமும் அப்படியே தெரியும்.

மனிதக் கை பட்டுத் தேய்ந்த பொருளில் ஏதோ ஒன்று ஏறியிருக்கிறது, கடையில் வாங்கின புதுப் பொருளில் அது இல்லை. முப்பது வருடமாக அவர் தேடியது இதைத்தான் என்பது என் துணிபு. தட்டு, பானை, துருவி, டின், பிளேட். எல்லாமே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிற சாமான்கள். அந்த வரிசையில் பாட்டில் மூடி வந்தபோது அவருக்கு அதை அடையாளம் தெரிந்தது. வேறு யாராவது அந்த மூட்டையைப் பார்த்திருந்தால் தாண்டிப் போயிருப்பார்கள். அவரேகூட உடனே தொடவில்லை. ஸ்டுடியோவில் போட்டு வைத்துவிட்டு வேறு வேலைகள் பார்த்துக்கொண்டிருந்தார்.

#6 கரிசல்பூ

நான் வழக்கமாக வாசிப்பதோடு சரி. இதில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் வீட்டில் குடி என்ன செய்தது என்று இங்கே விரிவாக எழுத விருப்பமில்லை. என் அம்மா தினமும் காலையில் வாசலில் கிடக்கிற மூடிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் கோலம் போடுவார். எனக்கு அந்த மூடியின் பளபளப்பு என்றால் வயிற்றைப் பிசையும். அதைக் கோடிக்கணக்கில் சேர்த்துத் தங்கத் துணி மாதிரித் தொங்கவிட்டு, மக்கள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள் என்றால் எனக்கு அது சாராயத்துக்குக் கட்டின கோயிலாகத்தான் தெரிகிறது. கலைஞரின் நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். பார்க்கிறவர் கண்ணில் என்ன மிஞ்சுகிறது?

#7 தேம்ஸ்கரை

கரிசல்பூ அக்கா, நீங்கள் சொன்னதை மதிக்கிறேன். அதற்கு வாதம் என்று எதையும் எழுத எனக்கு உரிமையில்லை. நான் அங்கே பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

மூடியில் இருக்கிற பெயர்களை அவர் அழிக்கவில்லை. உள்பக்கத்தைத் திருப்பி வெறும் வெள்ளியாகக் காட்டியிருக்கலாம், சில இடங்களில் அப்படியும் செய்கிறார். ஆனால் பெரும்பாலும் பெயர் வெளியில்தான். அங்கே சாராயக் கம்பனிகள் தங்கள் சரக்குக்கு வைக்கிற பெயர்களைக் கேட்டால் ஒரு சரித்திரப் புத்தகம் மாதிரி. மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டுப்படையின் பெயர் எகோமாக், அதுவே ஒரு சாராயம். நைஜீரியாவும் கமரூனும் சண்டை பிடித்த தீபகற்பம் பகாசி, அதுவும் ஒரு சாராயம். ஊரில் என்ன சண்டை நடக்கிறதோ அது போத்தலில் ஏறுகிறது.

அதுக்கும் முன்னால், ஐரோப்பியக் கப்பல்கள் அந்தக் கரைக்குக் கொண்டுவந்து மாற்றுக்குக் கொடுத்த பொருட்களில் சாராயம் ஒன்று. அடிமைகளாகக் கொண்டுபோன மனிதர்கள் மேற்கிந்தியத் தீவில் கரும்பு வெட்டினார்கள். அந்தக் கரும்பின் ரம் திரும்பவும் இதே கரைக்கு வந்து இன்னும் ஆட்களை வாங்கியது. மூடியை இந்த மூன்று கண்டத்தையும் இணைக்கிற கண்ணியாக அனட்சுயி பார்க்கிறார். டேட்டில் முதலில் பாய்மரத்தைத் தொங்கவிட்டதும் அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அழகாக இருக்கிறது என்பது உண்மை. அந்த அழகு மன்னிப்புக் கொடுக்கிற அழகாக எனக்குப் படவில்லை. கறுத்த சுவருக்கு முன்னால் நின்றபோது பயம்தான் முதலில் வந்தது.

#8 கரிசல்பூ

பொறுமையாக எழுதினதற்கு நன்றி தம்பி. எகோமாக், பகாசி பற்றித் தெரியாது. சரித்திரம் புரிகிறது. ஆனால் என் கருத்து மாறவில்லை. கம்பெனிப் பெயர் தங்க நிறத்தில் மின்னுகிற இடத்தில் எங்களைப் போன்ற வீடுகளுக்கு இடமில்லை. குடித்தவர் தெரிகிறார், விற்றவர் தெரிகிறார், காலையில் பொறுக்கினவர் தெரியவில்லை.

#9 கோடும்நிறமும்

கரிசல்பூ, உங்கள் கடைசி வரியைப் பலமுறை படித்தேன். காலையில் பொறுக்கினவர் என்ற இடத்திலிருந்து அந்தத் துணிகளைப் பார்த்து எழுதப்பட்ட எதையும் நான் வாசித்ததில்லை. இந்த இழையில் அது பதிவானதே பெரிய விஷயம். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிற ஜோடிக்கு ‘ஆணின் துணி’, ‘பெண்ணின் துணி’ என்று தலைப்பு. 2001இல் முடித்தவை, மூடி வேலையில் ஆரம்பகாலத்தவை. அந்தப் பெண்ணின் துணியை இனி உங்கள் கேள்வியோடுதான் பார்ப்பேன்.

நேர்பேச்சுக்குக் கூலி விஷயத்தில் பதில் பாக்கி இருக்கிறது.

அவருடைய நுசுக்கா ஸ்டுடியோவில் வேலை செய்கிறவர்களில் பலர் ஊர்ப் பையன்கள். படிப்பு முடித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பவர்கள், மாணவர்கள். மூடியை எப்படி எப்படி எடுக்கலாம் என்பதே ஒரு தனி அறிவு. மேல் வட்டம் தனி. பக்கச் சுவரை வெட்டித் தட்டினால் பட்டை. பாட்டில் கழுத்தில் மாட்டிக்கொள்கிற வளையம் தனி. அந்த வளையங்களை மட்டும் கோத்தால் அந்தப் பக்கம் தெரிகிற சல்லடைத் துணி. டேட்டில் தொங்கிய மனித உருவங்கள் அந்த வகை. பட்டையை முறுக்கலாம், மடிக்கலாம், கசக்கலாம். ஒவ்வொரு மடிப்பும் வேறு நெளிவு. ஒவ்வொரு பையனின் கைக்கும் ஒரு இறுக்கம், அது பாளத்தில் தெரியும், அதை அவர் மறைக்காமல் பயன்படுத்திக்கொள்கிறார். பாளங்கள் வந்ததும் தரையில் பரப்பி, மாற்றி மாற்றி அடுக்கி, மேலிருந்து படமெடுத்துப் பார்த்து, மறுபடி மாற்றுவது அவர் வேலை.

பெயர்ப்பலகையில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும் என்றால் நான் உங்களோடுதான் நிற்கிறேன்.

#10 நேர்பேச்சு

//பெயர்ப்பலகையில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும் என்றால் நான் உங்களோடுதான்//

அது போதும். கட்டமைப்புச் சீரமைப்பு பற்றிச் சொன்னது சரியான இடம், அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. விலை பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது, ஆனால் அது கலைஞரைவிட ஏலக்கடைக்காரர்களைக் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொரு சந்தேகம். மாட்டுவது யார்? படங்களில் ஒரே துண்டு ஒவ்வொரு ஊரிலும் வேறு மாதிரி மடிந்து கிடக்கிறதே.

#11 தறிக்குழி

அதுதான் எனக்குப் பிடித்த இடம். எப்படி மாட்ட வேண்டும் என்று அவர் வரைபடம் கொடுத்தனுப்புவதில்லை. அருங்காட்சியகத்து ஆட்களே மடிப்பு விழ வைக்கலாம், தரையில் வழிய விடலாம், மூலையில் திருப்பலாம். சுருட்டி மடித்துப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடுகிறார். சுவரளவு வேலை ஒரு பெட்டியில் போகிறது. வெண்கலத்தில் செய்திருந்தால் நுசுக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிற செலவை யார் தாங்குவது? எளிய பொருளுக்கு இந்த லாபமும் உண்டு.

துணி விற்கிறவர்களுக்கு இது புதிதில்லை. நெய்தவன் கையோடு துணி முடிவதில்லை. கட்டுகிறவர் கொசுவம் வைக்கும்போதுதான் பார்டர் எங்கே விழும் என்று தெரியும்.

#12 காரீயம்

உலோகத் தொழிலில் இருக்கிறேன். யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன், கேட்கவில்லை. அலுமினியமும் செம்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும். மின்வேதி அரிமானம். கடற்காற்று, உப்பு என்றால் இன்னும் வேகம். மூடியில் அச்சு மையும் அரக்குப் பூச்சும் இருப்பதால் முகத்தில் நேரடித் தொடுதல் குறைவு. ஆனால் ஆணியால் குத்தின ஓட்டையின் விளிம்பில் பூச்சு கிழிந்திருக்கும். அங்கேதான் கம்பி உட்காருகிறது. ஈரப்பதம் கட்டுப்படுத்தின அறைக்குள் பயமில்லை.

வெளியில் மாட்டினவை வேறு கணக்கு. 2007இல் வெனிஸ் பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியின்போது பலாத்சோ ஃபோர்ச்சூனி மாளிகையின் முகப்பை மூடித் தொங்கவிட்டார்கள். கால்வாய் ஊர், உப்புக் காற்று. 2013இல் லண்டன் ராயல் அகாடமியின் முகப்பை மூடிய ‘சியாட்சியா’வும் மழையில் நின்றது. இப்படிச் சில மாதம் வெளியே நிற்கிற துண்டுக்கு ஒன்றும் ஆகாது, வருடக்கணக்கில் என்றால் யோசிக்க வேண்டும். நியூயார்க்கில் ஹை லைன் பூங்காவின் பக்கத்துச் சுவரில் 2012இல் வைத்த ‘உடைந்த பாலம் 2’ தகரமும் கண்ணாடியும், மூடி அல்ல.

#13 கோடும்நிறமும்

அருமையான தகவல், காரீயம் சார். வெனிஸ் பெயர் வந்ததால் ஒரு வார்த்தை. 2007இல் ராபர்ட் ஸ்டோர் நடத்திய பினாலேயில் ‘துசாசா’ என்ற இரண்டு பெரிய மூடித் துணிகள் ஆர்சனாலே என்ற கண்காட்சி வளாகத்தில் தொங்கின. உலகம் நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். அனட்சுயிக்கு 63 வயது. 2015இல் ஒக்வி என்வேசர் நடத்திய பினாலேயில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது.

அந்த 63 வயது வரைக்கும் அவர் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார் என்பதை மறக்கக் கூடாது. அவரிடம் நுசுக்காவில் படித்தவர்களில் ஒருவர் சிக்கா ஒகேகே அகுலு. இப்போது பிரின்ஸ்டனில் பேராசிரியர், ஆப்பிரிக்கக் கலை வரலாற்றில் பெரிய பெயர். 2019இல் மூனிக்கின் ஹவுஸ் டெர் குன்ஸ்ட் என்ற கலைக் கூடத்தில் அனட்சுயியின் பெருங்காட்சியை என்வேசரோடு சேர்ந்து அமைத்தவரும் அவரே.

#14 ஓவிய டீச்சர்

வணக்கம். சிவகாசியில் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. சந்தைத் தட்டு, அச்சுப் பிளேட் என்று படிக்கப் படிக்க எனக்கு வகுப்பு ஞாபகம்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை எப்படிக் கொண்டுபோவது? டிராயிங் நோட்டும் கலர் பென்சிலும் வாங்கித் தர முடியாத வீடுகள்தான் அதிகம். பாட்டில் மூடி சேகரிக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். கரிசல்பூ எழுதினதைப் படித்ததும் அதை விட்டுவிட்டேன்.

#15 கரிசல்பூ

டீச்சர், அந்த முடிவுக்கு நன்றி. பிள்ளைகள் மூடி தேடிப் போகிற இடம் எது என்று யோசித்தாலே போதும்.

#16 கோடும்நிறமும்

டீச்சர், மூடி வேண்டவே வேண்டாம். மூடியைக் காப்பி அடித்தால் அவர் செய்ததற்கு நேர்மாறாக ஆகிவிடும். வின்னபாவில் சந்தைத் தட்டு, நுசுக்காவில் பானை, அப்புறம் துருவி. இடம் மாறினால் பொருள் மாறும். உங்கள் ஊர் எதை வெளியே போடுகிறது என்று பிள்ளைகளையே கேளுங்கள். ஊரெல்லாம் ஆஃப்செட் பிரஸ் இருக்கிறதே.

#17 ஓவிய டீச்சர்

கேட்டேன்! காலண்டர் வெட்டின ஓரப் பேப்பர், கலர் தப்பாக விழுந்த வேஸ்ட் ஷீட், நோட்டு பைண்டிங்கில் மிஞ்சின நூல், பட்டாசு லேபிள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு பெண், அப்பா பிரஸ்ஸில் இருக்கிறார், பழைய பிளேட் எடைக்குத்தான் போடுவார்கள், கேட்டால் தருவார்கள் என்றாள். சாமி காலண்டர் பிளேட் என்றால் அதில் சாமி முகமே தெரியும், அதை வெட்டலாமா டீச்சர் என்று அடுத்த கேள்வி. வகுப்பு முழுக்க அதைப் பற்றியே பேச்சு. வெட்டக் கூடாது என்று ஒரு கட்சி, முகத்தை விட்டுவிட்டு ஓரத்தை மட்டும் வெட்டலாம் என்று ஒரு கட்சி.

#18 தேம்ஸ்கரை

டீச்சர், இந்தக் கட்சிச் சண்டையை அப்படியே விட்டுவிடுங்கோ, தீர்த்து வைக்க வேண்டாம். சாமி முகத்தை வெட்டலாமா என்று பிள்ளைகளே கேட்டதுதான் வேலையின் தொடக்கம்.

#19 காரீயம்

ஆர்வத்தில் பாதுகாப்பை மறந்துவிடாதீர்கள் டீச்சர். ஆஃப்செட் பிளேட் மெல்லிசு, கால் மில்லிமீட்டர் வாக்கில்தான் இருக்கும். வெட்டின விளிம்பு பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும். பெரியவர்கள் தகர வெட்டுக் கத்திரியால் துண்டு போட்டு, நான்கு மூலையையும் உருட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்த பிறகே பிள்ளைகள் கையில் கொடுங்கள். மையும் கெமிக்கலும் ஒட்டியிருக்கும், சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காய வையுங்கள். ஓட்டை போட ஆணியும் சுத்தியலும், அடியில் ஒரு கட்டை. கம்பிக்குக் கடையில் செலவு செய்ய வேண்டாம். மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கழித்த வைண்டிங் கம்பி கிடைக்கும். அதில் இனாமல் பூச்சு இருக்கிறது, அலுமினியத்தோடு ஒட்டினாலும் அரிமானப் பிரச்சினை குறைவு.

#20 தறிக்குழி

நாலு விரற்கடைப் பட்டையாக வெட்டச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு பட்டை, அவரவர் இஷ்டத்துக்கு. எல்லாம் முடிந்த பிறகு தரையில் அடுக்கிப் பார்க்கட்டும். முன்கூட்டியே டிசைன் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

#21 ஓவிய டீச்சர்

சரி சார், சரி அண்ணா. உப்புத்தாள் எந்த நம்பர் வாங்க வேண்டும்? தலைமை ஆசிரியர் வராண்டாச் சுவரைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பட்டைகளை ஆணி அடிக்காமல் கொடிக்கயிற்றில் கோத்து, வாரம் ஒரு வகுப்பு மாற்றி மாட்டலாம் என்று திட்டம். பட்டை செய்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் பக்கத்தில் எழுதப்படும், நேர்பேச்சு சார்.

#22 காரீயம்

முதலில் 120, பிறகு 220.